பூட்டி வைத்த ஓட்டம்

1986ஆம் வருடக் கோடை விடுமுறையில் சித்தப்பா குவைத்திலிருந்து ஒரு பெட்டி கொண்டுவந்தார். பெட்டியின் மேல் வெள்ளை நிறத்தில் ஒரு கார் மண்ணை வாரி இறைத்துக்கொண்டு பாய்கிற படம். கிராஸ்ஹாப்பர், அதாவது வெட்டுக்கிளி என்று பெயர். ஜப்பானில் ஷிசுவோகா நகரத்து டமியா நிறுவனம் 1984ல் வெளியிட்ட ரேடியோ கண்ட்ரோல் கார் அது. பெட்டியைத் திறந்ததும் எடுத்து ஓட்டிவிட முடியாது. பாகம் பாகமாக இருக்கும், நாம்தான் பூட்ட வேண்டும். மைசூர் சரஸ்வதிபுரத்து வீட்டுக் கூடத்தில் பழைய பேப்பரை விரித்துப் போட்டு, சித்தப்பா இரண்டு ராத்திரி உட்கார்ந்து பூட்டினார். எனக்குப் பதினோரு வயது. அவர் கேட்கிற ஸ்க்ரூவைத் தேடி எடுத்துக் கொடுத்தது நான்தான்.

மூன்றாம் நாள் காலையில் தெருவில் ஓடியது. பக்கத்து வீட்டுக் கன்னடப் பிள்ளைகள், எதிர்வீட்டு மாமி, பால்காரர் என்று எல்லாரும் நின்று பார்த்தார்கள். சித்தப்பா ஊருக்குக் கிளம்பிய மறுநாள் அம்மா அதைத் துடைத்து ஷோகேஸில் வைத்துப் பூட்டினாள்.

"வெளிநாட்டுச் சாமான்டா. உடைஞ்சா இங்க யார் சரி பண்ணுவா? கண்ணாடிக்குள்ள இருந்தா உன் பிள்ளை காலத்துக்கும் இருக்கும்" என்றாள்.

அந்தக் காலத்து மத்தியதர வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சிங்கப்பூர் கண்ணாடிக் கோப்பைகள், யாரோ கொடுத்த பேனா செட், உறை பிரிக்காத கரடி பொம்மை எல்லாம் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால்தான் இருந்தன. விருந்தாளிகள் வந்தால் பார்ப்பார்கள். அம்மா சொன்னதிலும் தவறில்லை. அந்தக் காரின் பேட்டரி மைசூரில் எந்தக் கடையிலும் கிடைக்காது. ஒரு பல்சக்கரம் உடைந்தால் சித்தப்பாவின் அடுத்த லீவு வரை, அதாவது இரண்டு வருஷம், காத்திருக்க வேண்டும். மொத்தத்தில் அந்தக் கார் தெருவில் ஓடியது ஏழு தடவை. ஒவ்வொரு தடவையும் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன் அம்மா அந்த வீட்டைக் காலி செய்துவிட்டுக் குவெம்புநகரில் எங்களோடு வந்து தங்கினாள். ஷோகேஸ் சாமான்களை அட்டைப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தபோதுதான் காரை மறுபடி கையில் எடுத்தேன். சரிசெய்து, எங்கள் வீட்டுக் கூடத்தில் அழகாகக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்பது மட்டும்தான் அன்றைக்கு என் எண்ணம்.

ரிமோட்டின் அடிமூடியைக் கழற்றியதும் வெள்ளைப் பொடி கொட்டியது. எட்டு பென்டார்ச் செல்கள் உள்ளேயே இருந்தன. கடைசியாக ஓட்டிய நாளில் கழற்ற மறந்தது. அல்கலைன் செல்லுக்குள் இருக்கிற பொட்டாசியம் ஹைட்ராக்சைடு மெல்லக் கசிந்து, காற்றோடு சேர்ந்து உப்பாக உறைந்திருந்தது. ஸ்பிரிங்குகள் பச்சை பூத்திருந்தன. இரண்டு, தொட்டதும் உதிர்ந்தன. காரைத் திருப்பிப் பார்த்தேன். நான்கு டயர்களும் தரையைத் தொட்ட இடத்தில் மட்டும் தட்டையாகிவிட்டன. எத்தனையோ வருஷம் அதே இடத்தில் அதே எடையைத் தாங்கி நின்ற ரப்பர், இறுகிப்போய் நகத்தால் அழுத்தினால் விரிசல் விட்டது. பல்சக்கரப் பெட்டிக்குள் கிரீஸ் பழைய மெழுகுபோலக் கெட்டிப்பட்டிருந்தது. ஜன்னல் பக்கம் பார்த்து நின்ற இடது பக்கம் பழுத்த மஞ்சள், சுவர்ப்பக்கம் இருந்த வலது பக்கம் வாங்கிய அன்றைக்கு இருந்த வெள்ளை. உச்சியில் நடுவாகக் கோடு போட்டதுபோல இரண்டு நிறமும் பிரிந்து நின்றன.

முன் பம்பரில் ஒரு கீறல் இருக்கிறது. நான்காவது ஓட்டத்தில் எதிர்வீட்டுத் திண்ணையில் மோதியது. ஏழு தடவை ஓட்டியதால் அந்தக் காருக்கு வந்த சேதம் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் ஓட்டாமல் வைத்ததால் வந்தது.

இந்தக் கணக்கு என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை.

யாதவகிரியில் ஐடியல் ஜாவா மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை இருந்த ஊர் இது. 1996ல் அது மூடப்பட்ட பிறகும் ஜாவா, யெஸ்டி வண்டிகள் மைசூர்த் தெருக்களில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றைப் பார்க்கிற ஒரு பழைய மெக்கானிக்கிடம் இந்தக் காரைப் பற்றிச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. "நிறுத்தி வெச்ச வண்டிதான் சார் செலவு வைக்கும். தினம் ஓடுற வண்டி ஆயிலைக் குடிச்சுட்டு ஓடிட்டே இருக்கும். ஷெட்ல அஞ்சு வருஷம் நின்னதுன்னா ஆயில் சீல் காஞ்சு வெடிச்சிருக்கும், டேங்க் துருப் பிடிச்சிருக்கும்" என்றார்.

வேலை மூன்று மாதம் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மட்டும். கசிந்தது காரம் என்பதால் வினிகரைப் பஞ்சில் தொட்டுத் தொட்டுத் துடைத்தேன். ஒவ்வொரு தொடுதலுக்கும் மெல்லப் பொங்கி அடங்கும். பிறகு ஸ்பிரிட்டால் ஒரு துடைப்பு. இந்தக் காரில் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது மின்னணுச் சில்லு அல்ல. ஒரு சின்ன மோட்டார் ஒரு கையை அசைக்க, அந்தக் கை செப்புத் தகடுகளின் மேல் நகர்ந்து நகர்ந்து மின்சாரத்தை விடும். அந்தத் தகடுகள் கருத்துப் போயிருந்தன. எமரித் தாள் போட்டால் தேய்ந்துவிடும் என்று பள்ளிக்கூடப் பென்சில் ரப்பரால் அழித்தேன். கருப்புக்குக் கீழிருந்து செம்பு வெளியே வந்த அந்த நிமிஷத்தை என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. நாற்பது வருஷத்துக்கு முன் சித்தப்பாவின் விரல் பட்ட இடம் அது.

டமியா இதே காரை 2005ல் மறுபடி வெளியிட்டதால் டயர் புதிதாகவே கிடைத்தது. மஞ்சளை என்ன செய்வது என்பதுதான் கேள்வி. ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெயிலில் வைத்தால் வெளுத்துவிடும், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். பாட்டிலை வாங்கியும் வைத்தேன். கடைசியில் பூசவில்லை. இன்னும் அரித்துக்கொண்டிருப்பதை நிறுத்தியாக வேண்டும். கசிவு அந்த வகை, கெட்டிப்பட்ட கிரீஸ் அந்த வகை. மஞ்சள் அப்படியல்ல. அது நடந்து முடிந்தது, இனி யாருக்கும் கெடுதல் செய்யாது. அந்தக் கார் எந்த ஜன்னலுக்கு எதிரே எத்தனை காலம் நின்றது என்பதற்கு அதைவிட நேர்மையான சாட்சி இல்லை. பம்பர் கீறலையும் விட்டுவிட்டேன்.

அப்புறம், ஓட்டுவதா வேண்டாமா என்ற கேள்வி.

மைசூர்க்காரனுக்கு இந்தக் கேள்வி வந்தால் திப்புவின் புலி நினைவுக்கு வராமல் இருக்காது. வெள்ளைக்காரன் ஒருவனைக் கவ்விக் கிடக்கிற, ஆறடிக்குக் கொஞ்சம் குறைந்த மரப்புலி. உள்ளே ஓர் ஆர்கன் பெட்டி. கைப்பிடியைச் சுற்றினால் புலி உறுமும், கீழே கிடப்பவன் கையைத் தூக்கித் தூக்கி ஓலமிடுவான். 1799ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும் அதை லண்டனுக்குக் கொண்டுபோய், கிழக்கிந்தியக் கம்பெனி மாளிகையில் வைத்தார்கள். வந்தவன் போனவனெல்லாம் கைப்பிடியைச் சுற்றினான். பக்கத்தில் நூலகத்தில் படித்துக்கொண்டிருந்தவர்கள் இரைச்சல் தாங்காமல் புலம்பினார்கள். நாளடைவில் கைப்பிடியே காணாமல் போயிற்று. இரண்டாம் உலகப் போரில் கூரை இடிந்து விழுந்து புலி துண்டு துண்டானது. மறுபடி ஒட்டி, இப்போது விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. அதை இனி யாரும் இஷ்டப்படி சுற்ற முடியாது என்பது சரிதான். கட்டுப்பாடில்லாமல் ஓட்டினாலும் பொருள் போய்விடும் என்பதற்கு அந்தப் புலியே அத்தாட்சி.

ஆனால் வழி தேடி லண்டன் வரை போக வேண்டியதில்லை, எங்கள் ஊர் அரண்மனையே போதும். 750 கிலோ எடையுள்ள தங்க அம்பாரி ஆண்டு முழுக்கப் பத்திரமாக இருக்கும். விஜயதசமி அன்று சாமுண்டேஸ்வரியை ஏற்றி, யானை முதுகில் கட்டி, அரண்மனையிலிருந்து பன்னிமண்டபம் வரை ஐந்து கிலோமீட்டர் ஊர்வலம் போகும். வெயில் படும், புழுதி படும், குலுங்கும். மறுபடி உள்ளே போய்விடும். தங்கச் சிம்மாசனமும் அப்படியே. பிரித்து வைத்த பாகங்களை நவராத்திரிக்கு முன் எடுத்துப் பூட்டுவார்கள், முடிந்ததும் கழற்றி உள்ளே வைப்பார்கள். நம் வீட்டு கொலுப் பொம்மைகளும் இதே முறைதான். எழுப்புகிறோம், பத்து நாள் கழித்துப் படுக்க வைக்கிறோம், ஒவ்வொன்றையும் கையில் எடுத்துத் துடைக்கும்போதே எங்கே விரிசல் என்று தெரிந்துவிடுகிறது. பாதுகாப்பது என்றால் இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். பூட்டி வைப்பதும் சரி, ஆனால் திறக்கிற நாள் ஒன்று குறித்திருக்க வேண்டும்.

அந்த நாள் குறிக்காமல் வைத்தவை காரோடு முடியவில்லை. அதே அட்டைப்பெட்டிகளில் அம்மாவின் கல்யாணப் பட்டும் வந்தது. "நல்ல நாளைக்குக் கட்டிக்கலாம்" என்று வைத்து வைத்து, மடிப்பு மாற்றாமல் கிடந்ததில், மடித்த கோட்டிலேயே ஜரிகையோடு சேர்ந்து கிழிந்திருந்தது. அம்மா அதை மடியில் விரித்து வெகுநேரம் விரலால் தடவிக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

சொல்வதற்கு எனக்கு என்ன தகுதி இருக்கிறது? 1990 ஆகஸ்டில் ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தபோது சித்தப்பா அங்கே இருந்தார். ஒரு லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்கள் வெளியேறிய அந்தக் கூட்டத்தில் அவரும் ஒருவராக, பாலைவனத்தைத் தாண்டி ஜோர்டானில் அம்மான் வரை வந்து, அங்கிருந்து விமானம் ஏறி, ஒரு கைப்பையோடு திரும்பினார். பிறகு கோயமுத்தூரில் சின்னதாக ஒரு கடை வைத்தார். அந்த நாட்கள் எப்படி இருந்தன, எதை விட்டுவிட்டு வந்தார், யார் சோறு போட்டார்கள் என்று நான் கேட்டதேயில்லை. சாவகாசமாக ஒரு வாரம் போய்த் தங்கி எல்லாவற்றையும் கேட்டு எழுதி வைக்க வேண்டும் என்று முப்பது வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். கொரோனா இரண்டாம் அலையில் அவர் போய்விட்டார். நடுவில் எத்தனையோ கல்யாணம், எத்தனையோ கிரகப்பிரவேசம், பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம். ஒரு கேள்வியாவது அப்போதே கேட்டிருக்கலாம். நல்ல பொழுதுக்கென்று அதையும் கண்ணாடிக்குள் வைத்துவிட்டேன்.

இப்போது கார் எங்கள் கூடத்தில் இருக்கிறது, ஜன்னல் வெளிச்சம் படாத பக்கம். அடியில் ஒரு மரக்கட்டை கொடுத்திருக்கிறேன், சக்கரங்கள் தரையைத் தொடாது, டயர் இனித் தட்டையாகாது. பேட்டரி தனியே, ரிமோட்டின் செல்கள் தனியே ஒரு டப்பாவில். கண்ணாடிக் கதவு உண்டு, பூட்டு இல்லை.

போன ஆயுத பூஜைக்கு வண்டிகளோடு அதையும் துடைத்துப் பொட்டு வைத்தோம். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்ற முடியாது, அதன் டயருக்குப் பழம் பெரிது. பக்கத்தில் வைத்தோம். சாயங்காலம் தெருவில் இறக்கினேன். முதலில் ஒரு இழுப்பு, ஒரு நிறுத்தம், பிறகு பழைய சத்தத்தோடு ஓடியது. என் மகள் ஓட்டினாள், பக்கத்து வீட்டுப் பையன் ஓட்டினான். திண்ணையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அம்மா, "இங்க கொடு, எப்படின்னு காட்டு" என்று ரிமோட்டைக் கேட்டு வாங்கினாள். அதுவரை அவள் அதை ஓட்டியதேயில்லை. எட்டாவது ஓட்டத்தில் அவள் வாசல் படியில் இடித்ததில் பம்பரில் இரண்டாவது கீறல் விழுந்தது. அதையும் அப்படியே விட்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பொம்மையோ, டிரான்சிஸ்டரோ, கேமராவோ கண்ணாடிக்குப் பின்னால் இருந்தால், இன்றைக்கே திறந்து முதலில் உள்ளே இருக்கிற பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். அப்படியே காலண்டரில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.