ஒரே படித்திறன்

பாரிஸில் நாங்கள் கோப்பை கழுவுகிற உணவகத்துக்கு, எங்களோடு வேலை செய்யும் அண்ணரின் மகள் ஒருநாள் கணக்குக் கொப்பியோடு வந்தாள். வை = 2எக்ஸ் + 3 என்ற கோட்டுக்குச் சமாந்தரமாக, (2, 5) என்ற புள்ளியூடாகச் செல்லும் கோட்டின் சமன்பாடு என்ன?

பல்கலைக்கழகப் படிப்பை இடையில் விட்டவர்களாயினும் இது எங்களுக்கு மறக்கவில்லை. சமாந்தரமென்றால் படித்திறன் ஒன்றே. ஆகவே 2ஐ அப்படியே எடுக்கலாம், 3ஐ எடுக்கக்கூடாது. புள்ளியைப் பிரதியிட்டால் 5 = 4 + சி. சி என்பது 1. விடை, வை = 2எக்ஸ் + 1.

"இரண்டும் ஒரே மாதிரித்தானே ஏறுது மாமா, பிறகேன் சந்திக்காது?" என்று கேட்டாள். எக்ஸுக்கு 10 போடச் சொன்னோம்: 23, 21. 1000 போட்டால் 2003, 2001. எவ்வளவு தூரம் போனாலும் அந்த 2 குறையாது.

அவள் போன பிறகும் அந்த 2 எங்களை விடவில்லை.

1970களின் தொடக்கத்தில் இலங்கையில் வந்த மொழிவாரித் தரப்படுத்தல், பல்கலைக்கழகம் புகத் தமிழ் மாணவரிடம் கூடிய புள்ளி கேட்டது. அது அநீதி, அதில் எங்களுக்கு ஐயமில்லை. ஆனால் 1974இல் வந்த மாவட்டப் பங்கீட்டையும் யாழ்ப்பாணத்து வீடுகளில் அதே மூச்சில்தான் வைதார்கள். கேட்டு வளர்ந்த நாங்களும் வைதோம். ஒரே வினாத்தாள், ஒரே புள்ளி, அதுவே நீதி என்றோம். பின்தங்கிய மாவட்டங்களின் தமிழ்ப் பிள்ளைகளும் அந்தப் பங்கீட்டால் வளாகத்துள் நுழைந்ததை நாங்கள் பேசவில்லை.

அண்ணர் முல்லைத்தீவுக்காரர். கணித ஆசிரியர் இல்லாத பள்ளிக்கூடத்தில் படித்தவர். எங்களுக்கோ பகலில் பள்ளிக்கூடம், பின்னேரம் ரியூசன். அவர் எங்களைவிடக் குறைய உழைத்தவரல்ல. படித்திறன் ஒன்று, சி வேறு.

கூடிய புள்ளி எடுத்தும் இடம் கிடைக்காத பிள்ளையின் கண்ணீரும் பொய்யல்ல. ஒருவருக்குக் கொடுக்கும் இடம் இன்னொருவர் இழக்கும் இடம்தான். அதற்காக, தொடங்கிய புள்ளியைக் கேளாமலே சமத்துவம் பேசலாமா?

இங்கே முதலாளி, "எல்லாருக்கும் ஒரே சட்டம்" என்கிறபோது நாங்கள் கொதிக்கிறோம். பாஷையும் விசாவும் இல்லாதவனுக்கு அது எப்படி ஒரே சட்டம் என்கிறோம். இங்கே எங்களுக்காகக் கேட்கிற இதே நியாயத்தைத்தான் அங்கே அண்ணருக்கு நாங்கள் மறுத்தோம்.

இதை அவரிடம் சொல்லவேண்டும். ஒரே தொட்டியில் தினமும் கைநனைக்கிறோம், இன்னும் சொல்லவில்லை.