மரியாதை யாருக்கு உரியது?

ஒருவர் இயற்றிப் பாடிய பாட்டை மற்றொருவர் தம் குரலில் பாடி இசைத்தட்டாக வெளியிட்டால், இரண்டில் எது சிறந்தது என்று கேட்பது நம் வழக்கம். அதனினும் ஆழமான கேள்வி ஒன்று உண்டு: அந்தப் பாட்டு இனி யாருக்குச் சொந்தம்?

அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையில் பிறந்த 'ரெஸ்பெக்ட்' என்னும் பாட்டை எடுத்துக்கொள்வோம். 'மரியாதை' என்பது அச்சொல்லின் பொருள். ஓட்டிஸ் ரெடிங் அதனை இயற்றி, 1965இல் தாமே பாடி வெளியிட்டார். அதில் பேசுபவன் ஓர் ஆண்மகன். ஈட்டியதையெல்லாம் தருவதாகச் சொல்லி, வீடு திரும்பும்போது தனக்கு மரியாதை வேண்டும் என்று தன் பெண்ணிடம் கேட்கிறான்.

1967 பிப்ரவரியில் அரீதா ஃபிராங்க்ளின் அதே பாட்டை நியூயார்க்கில் பதிவு செய்தார். இப்போது மரியாதை கேட்பவள் பெண். சில சொற்களை அவர் மாற்றினார். மூலத்தில் இல்லாதவாறு, அந்த ஒரு சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பாடினார். ரெடிங்கின் குரலில் வேண்டுகோளாக இருந்தது, அரீதாவின் குரலில் உரிமை முழக்கமாயிற்று. கறுப்பின மக்களும் பெண்களும் அதனைத் தம் குரலாகவே ஏற்றனர். 1967 ஜூனில் மான்டெரே இசைவிழா மேடையில், ஒரு பெண் தம் பாட்டைக் கொண்டுபோய்விட்டதாக ரெடிங்கே வேடிக்கையாகச் சொன்னார். அவ்வாண்டு டிசம்பரில் விமான விபத்தொன்றில் தம் 26ஆம் வயதில் அவர் மறைந்தார்.

மக்கள் மன்றம் பாட்டை அரீதாவுக்கு வழங்கிவிட்டது. சட்டத்தின் கணக்கோ வேறு. அமெரிக்கச் சட்டப்படி, ஒரு பாட்டு இசைத்தட்டாக வெளிவந்தபின் விதித்த தொகையைச் செலுத்தி எவரும் அதை மீண்டும் பதிவு செய்யலாம். இயற்றியவரின் இசைவு தேவையில்லை. ஆனால், ஏ.எம்., எஃப்.எம். வானொலிகளில் அது ஒலிக்கும்போது கட்டணம் இயற்றியவர் தரப்புக்கே சேரும், பாடியவருக்கு இல்லை. 2018இல் அரீதா மறையும்வரை இந்நிலை மாறவில்லை.

இச்சட்டத்தில் நீதியும் உண்டு, குறையும் உண்டு என்றே நமக்குத் தோன்றுகிறது. இயற்றியவருக்குத் தடுக்கும் அதிகாரம் இல்லாதது நன்று. அவ்வதிகாரம் இருந்திருப்பின், ஆணின் பாட்டுக்குப் பெண் உரைத்த மறுமொழி அவரது மனப்போக்கைப் பொறுத்ததாகியிருக்கும். அவருக்குக் கூலி சேர்வதும் நன்று. அவரில்லையேல் பாட்டே இல்லை. பாட்டுக்குப் புதுப்பொருள் தந்த குரலை ஒலிபரப்பிப் பயன் பெற்றோர் அக்குரலுக்கு ஒன்றும் தராததே நன்றன்று.

கைமாறி வந்த கலை ஓர் அமானிதம். பெற்றவர் தமக்குத் தந்தவரை மறைத்தலாகாது. கேட்டு மகிழ்பவர் பாடியவரின் உழைப்பை இலவசமாகக் கொள்ளலும் ஆகாது. ஒருவருக்குரிய மரியாதையைக் கொடுப்பதற்காக மற்றவருக்குரியதைப் பிடுங்க வேண்டியதில்லை. மரியாதை கேட்ட பாட்டுக்கேனும் நாம் அந்த நீதியைச் செய்ய வேண்டாமா?