வெள்ளம் பார்க்கப் போனவன்

2023 டிசம்பர் 18, சாயங்காலம். மழை கொஞ்சம் விட்டதும் சைக்கிளை எடுத்தேன். "ஆத்தப் பாக்கதுக்கு இப்பதான் நேரம் கெடச்சுதோ?" என்றாள் அம்மா. பாளையங்கோட்டையில் எங்கள் தெரு மேடு. கணுக்கால் அளவுகூடத் தண்ணீர் நிற்கவில்லை. அந்த மேட்டில் இருந்ததால்தான் எனக்கு அப்படி ஓர் ஆசை வந்தது என்பது அப்போது உறைக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதும், ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பேரோடு நின்றுபோனதும் பிறகுதான் தெரிந்தது.

வண்ணார்பேட்டைக்கு இறங்கும் சாலையில் பாதியிலேயே ஆறு எதிரே வந்தது. கோடையில் முழங்காலளவு தண்ணீரில் நாங்கள் மீன்குஞ்சு பிடிக்கிற தாமிரபரணியா இது! செம்மண் நிறத்தில், வாழைத் தார்களையும் கதவுகளையும் உருட்டிக்கொண்டு போனது. சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு அழகாக அதை நான் பார்த்ததே இல்லை. சந்தோஷமாக இருந்தது. அதுதான் பிரச்சினை.

காண்ட் 1790இல் எழுதிய நூலில் இதற்கு ஒரு விளக்கம் உண்டு. புயல், எரிமலை, பேரருவி எல்லாமே, நாம் பாதுகாப்பான இடத்தில் நின்றால், பயங்கரமாக இருக்க இருக்க நம்மை ஈர்க்கும் என்கிறார். அந்தப் பாதுகாப்பான இடம் யாருக்குக் கிடைக்கிறது? குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருப்பது. வெள்ளம் வந்தால் உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். சாமிக்கும் ஒரு மேடு இருக்கிறது.

போனைத் தூக்கிப் படம் எடுக்கும்போது பக்கத்தில் ஓர் அக்கா, இடுப்புவரை நனைந்த சேலையோடு, காலடியில் கேஸ் சிலிண்டரும் ஒரு துணி மூட்டையும்.

"நல்லா இருக்காய்யா பாக்கதுக்கு?"

குத்தலா, நிஜமாகவே கேட்டாளா, இன்றுவரை புரியவில்லை. போனைப் பைக்குள் போட்டேன். அவளோ ஆற்றை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "எங்க வீடு அந்தா, ஓடு மட்டும் தெரியுதுல்லா. பொறந்ததுலருந்து இங்கதான் கெடக்கேன், இவ்வளவு தண்ணிய பாத்ததே இல்ல" என்றாள். குரலில் அழுகை இல்லை. கிட்டத்தட்ட வியப்பு.

இங்கேதான் காண்ட் எனக்கு உதவவில்லை. வீடு போனவளும் பார்த்தாள்; அவளுக்கு எந்த மேடும் இல்லை. அப்படியானால் பார்த்தது என் தப்பில்லை என்று சமாதானப்படலாம். ஆனால் அலுத்ததும் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போக என்னால் முடியும். அவளால் முடியாது.

சிலிண்டரைக் கேரியரில் வைத்துக் கயிற்றால் கட்டினோம். பள்ளிக்கூடத்தில் தங்க வைக்கிறார்களாம். அவள் பின்னால் பிடித்துக்கொள்ள, நான் மேட்டில் தள்ளினேன். உதவத்தான் போனேன் என்று அம்மாவிடம் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். வளைவில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தோம். ஓடு தெரியவில்லை.