குன்றும் மாளும்

குந்தித் தின்றால் குன்றும் மாளும் என்று சொல்லிவைத்த நம் முன்னோர், மெய்யாகவே ஒரு குன்று தின்று தீர்க்கப்படும் என்று எண்ணியிருக்க மாட்டார்கள். பசிபிக் பெருங்கடலில், நிலநடுக்கோட்டை ஒட்டியுள்ள நவுரு தீவில் அது நிகழ்ந்தது. அத்தீவின் பரப்பு 21 சதுர கிலோமீட்டர். அங்கு வாழும் மக்களைவிட நம் கடற்கரைப் பங்குகள் சிலவற்றில் மிகுதியானோர் இருக்கக்கூடும்.

தீவின் நடுமேடு முழுவதும், பயிருக்கு உரமாகும் பாஸ்பேட் தாது நிறைந்திருந்தது. சிட்னி நகர அலுவலகம் ஒன்றில் கதவுக்கு முட்டுக்கொடுக்கப் பயன்பட்டு வந்த ஒரு கல்லை, ஆல்பர்ட் எல்லிஸ் என்பவர் ஐயுற்றுச் சோதித்ததால் அதன் மதிப்பு வெளிப்பட்டது. 1907இல் ஏற்றுமதி தொடங்கிற்று. முதல் உலகப்போருக்குப் பின் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய மூன்று அரசுகளும் கூடி அத்தாதுவை வெட்டியெடுத்து, தத்தம் உழவர்களுக்குச் சந்தை விலையினும் குறைத்து வழங்கின. மண்ணுக்கு உரியவர் கைக்கு வந்ததோ சில்லறைதான்.

1968இல் நவுரு விடுதலை பெற்றது. 1970இல் சுரங்கத் தொழிலும் அதன் கைக்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகளிலேயே தனிமனித வருமானத்தில் உலகின் முன்வரிசை நாடுகளுள் ஒன்றாயிற்று. வரி இல்லை, மருத்துவமும் கல்வியும் இலவசம். மெல்போர்னில் 52 மாடிக் கட்டடம் ஒன்று 1977இல் எழுந்தது. சொந்த விமானங்கள் பறந்தன. 1993இல் இலண்டன் மாநகரில் ஓவியர் லியோனார்டோ டா வின்சியைப் பற்றிய இசை நாடகம் ஒன்றுக்கும் அத்தீவின் பணம் சென்றது. அது சில வாரங்களில் நின்றுபோயிற்று. தாது தீர்ந்தபின் மக்களைக் காப்பதற்கென நிறுவிய நிதி, தவறான முதலீடுகளிலும் கடன்களிலும் கரைந்தது. 2004இல் அந்த மெல்போர்ன் கட்டடமும் கடனுக்காக விற்கப்பட்டது. தீவின் ஐந்தில் நான்கு பங்கு இன்று கூர்மையான சுண்ணாம்புப் பாறைகளின் காடு. உழவும் முடியாது, குடியிருக்கவும் முடியாது.

இத்தகைய நிலைக்குப் பொருளியல் அறிஞர் ரிச்சர்ட் ஆட்டி 1993இல் 'வளங்களின் சாபம்' என்று பெயரிட்டார். 1995இல் ஜெஃப்ரி சாக்ஸ், ஆண்ட்ரூ வார்னர் ஆகிய இருவரும் பல நாடுகளின் கணக்கை ஒப்பிட்டு, இயற்கை வளத்தை மிகுதியாக ஏற்றுமதி செய்யும் நாடுகள் மற்றவற்றைவிட மெதுவாகவே வளர்ந்தன என்றனர். வளம் தானே கேடு செய்வதில்லை, ஆட்சியின் தரமே காரணம் என மறுப்போரும் உளர். எண்ணெயோ தாதுவோ மிகுதியாக விற்கும்போது அந்நாட்டு நாணயத்தின் மதிப்பு ஏறுகிறது. அதனால் உழவும் நெசவும் ஆலையும் வெளிச்சந்தையில் விலைபோகாமல் நலிகின்றன. விலை ஏறும்போது கடன் வாங்கி, இறங்கும்போது தவிப்பதும் உண்டு.

எனினும் 'சாபம்' என்னும் சொல் நமக்கு உவப்பாக இல்லை. சாபம் வெளியிலிருந்து வருவது. அதற்கு ஆளானவர் பொறுப்பேற்க வேண்டியதில்லை. நவுருவில் நடந்ததை வேறு விதமாகப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. ஒருவர் தம் வீட்டு உத்தரத்தைக் கழற்றி விற்று, கிடைத்த பணத்தை அம்மாத வருமானம் என்று கணக்கெழுதினால் என்ன சொல்வோம்? தாதுவும் எண்ணெயும் ஆண்டுதோறும் விளைவன அல்ல. அவற்றை விற்று வருவது முதல், வருமானம் அன்று. முதலை வருமானமென எழுதும் பிழை கணக்கருக்குச் சிறியதாகலாம். அந்தப் பிழையால் பங்கை இழப்பவர் இன்னும் பிறவாதவர், எதிர்த்து வாக்களிக்க இயலாதவர் என்பதால் இது அறத்தைச் சார்ந்த வினாவாகிறது. பசித்து வந்த ஏசா ஒரு வேளைக் கூழுக்குத் தலைமகன் உரிமையை விற்றான். விற்றது அவனுடையதாகவேனும் இருந்தது.

இங்கு ஒரு தடை எழலாம். அறுபது ஆண்டுகள் அந்நியர் அள்ளிச் சென்றபோது கேளாத கணக்கை, விடுதலை பெற்ற எளியவரிடம் கேட்பது முறையா? முறையன்றுதான். 1989இல் நவுரு அனைத்துலக நீதிமன்றத்தில் ஆஸ்திரேலியாமீது வழக்குத் தொடுத்தது. 1993இல் ஆஸ்திரேலியா 10 கோடியே 70 இலட்சம் ஆஸ்திரேலிய டாலர் தர இசைந்தது. அந்த வழக்கு நியாயமானதே. ஆனால் முன்னவர் செய்த அநீதி பின்னவர் பொறுப்பைக் குறைக்குமேயன்றி நீக்கிவிடாது என்றே நாம் கருதுகிறோம். வரி வாங்காத அரசை மக்களும் கணக்குக் கேட்கவில்லை. தன் சட்டைப் பையிலிருந்து போகாத காசைப் பற்றி யார் விழித்திருப்பார்?

ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானா மற்றொரு வழியில் சென்றது. 1966இல் விடுதலை பெற்றபோது அது மிக ஏழை நாடு. மறு ஆண்டு ஒராப்பாவில் வைரம் கிடைத்தது. அந்நிலம் பாமங்வாட்டோ மக்களுடையது. அவர்தம் அரச மரபில் வந்தவர் குடியரசுத் தலைவர் செரெட்சே காமா. அவருடைய ஆட்சியிலேயே நிலத்தடி வளங்களின் உரிமை இனக்குழுக்களிடமிருந்து நாடு முழுமைக்கும் மாற்றப்பட்டது. தம் குலத்துக்கு வரவேண்டிய பெருஞ்செல்வத்தைப் பொதுவில் வைக்க ஒருவர் இசைந்த அச்செயலில் நாம் சற்று நின்று போகவேண்டும். பின்னர் வைர நிறுவனத்தில் அரசின் பங்கு பாதியாக உயர்ந்தது. 1994இல் வருங்காலத்துக்கென 'புலா' நிதி அமைந்தது. அவர்கள் மொழியில் புலா என்றால் மழை. வறண்ட நாட்டில் அது வாழ்த்துச் சொல்லும் நாணயத்தின் பெயரும் ஆகும்.

ஆயினும் போட்ஸ்வானாவை முன்மாதிரி எனப் புகழ்ந்து முடித்துவிட இயலவில்லை. அங்கே ஏழை, செல்வர் இடைவெளி பெரிது, வேலையின்மையும் மிகுதி. ஆய்வுக்கூடத்தில் செய்யப்படும் வைரங்கள் சந்தைக்கு வந்து இயற்கை வைரத்தின் விலை சரிந்தபோது, அரசின் கருவூலம் தடுமாறியது. 2024 தேர்தலில், விடுதலை நாள் முதல் ஆண்ட கட்சி தோற்றது. சேமித்து வைத்தவர்களும் ஒற்றைப் பொருளை நம்பியே வாழ்ந்தார்கள்.

நவுருவோ இப்போது நிலத்தை விட்டுக் கடலை நோக்குகிறது. ஆழ்கடலின் அடியில் உருளைக்கிழங்கு அளவில் சிதறிக் கிடக்கும் நிக்கல், கோபால்ட், மாங்கனீசுக் கட்டிகளை வாரியெடுக்க விரும்பும் ஒரு நிறுவனத்துக்கு அது துணை நிற்கிறது. அதற்கான விதிகளை இரண்டு ஆண்டுகளுக்குள் முடித்துத் தருமாறு 2021இல் அனைத்துலகக் கடற்படுகை ஆணையத்திடம் அது முறைப்படி கேட்டது. அக்கட்டிகள் ஒரு விரற்கடை வளர இலட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகின்றன.