பொறுத்தவருக்குக் கடைசிப் பங்கா?

கடன்பட்டவர் ஒருவர், அவரிடம் வரவேண்டியவர்களோ ஐவர். எல்லோருக்கும் கொடுக்கக் கையில் இல்லை. மாதம் இவ்வளவு தந்து தீர்த்துவிடுவதாக ஐவரிடமும் தவணை கேட்கிறார். நால்வர் இசைகின்றனர், ஒருவர் கோர்ட்டுக்குப் போய்விடுகிறார். சம்மன் வந்ததும் நம்மவர் என்ன செய்கிறார்? பொறுத்த நால்வருக்கும் கொடுப்பதை நிறுத்திவிட்டு, வழக்குப் போட்டவருக்கே அள்ளிக் கட்டுகிறார். இது நீதிதானா?

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் வாழ்வோருக்கு இது ஏட்டுக் கேள்வியன்று. 2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரை கடந்தபோது ஒரே நாளில் ஏறத்தாழ 48 செ.மீ. மழை கொட்டியது. சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் தென்பெண்ணை வழியாக வந்து பாகூர்ப் பக்கத்து ஊர்களில் புகுந்தது. புதுவையின் நெற்களஞ்சியம் என்று பேர்பெற்ற மண்ணில் நெல் மூழ்கினால், சங்கத்துப் பயிர்க்கடன், உரக்கடைப் பாக்கி, புரோநோட்டுக் கடன், மனைவி பேரில் குழுக்கடன், தங்கையிடம் வாங்கி அடகு வைத்த நகை ஆகிய அத்தனையும் ஒரே மாதத்தில் தலைக்குமேல் வந்து நிற்கும். ஐவர் என்று நாம் சொன்னது இவர்களைத்தான்.

தவணை கேட்பது வாக்குமீறல் ஆகுமோ என்று சிலர் மனம் வெதும்புகிறார்கள். ஆகாது. இல்லாதவருக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கும்படியும், விட்டுக்கொடுத்தால் அது இன்னும் மேலானது என்றும் அல்பகறா அத்தியாயத்தின் 280ஆம் ஆயத்து விதிக்கிறது. கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்களுக்கு இப்னு அபீ ஹத்ரத் (ரலி) அவர்கள் கடன்பட்டிருந்த வரலாறு புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளது. பள்ளிவாசலுக்குள்ளேயே கடனைக் கேட்கப்போய், இருவர் குரலும் உயர்ந்து, இல்லத்தில் இருந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் செவியில் விழுந்தது. நாயகம் அவர்கள் திரையை விலக்கி வந்து கஅபை அழைத்து, பாதியைத் தள்ளிவிடும்படி கையால் சாடை காட்டினார்கள். கஅப் அப்போதே இசைந்தார்கள். வரலாறு அதோடு முடிந்திருந்தால் நம்மவர்களுக்கு மிக உவப்பாக இருந்திருக்கும்! ஆனால் நாயகம் அவர்கள் மற்றவர் பக்கம் திரும்பி, எழுந்து போய் மீதியைக் கொடுத்துவிடும்படி பணித்தார்கள். சலுகை கிடைத்த அதே மூச்சில் பொறுப்பும் வந்து சேர்ந்தது.

வசதி இருந்தும் இழுத்தடிப்பதை நாயகம் அவர்கள் அநியாயம் என்றே கண்டித்தார்கள். பந்தல் போட்டு ஊரைக் கூட்டிப் பிரியாணி விருந்து வைத்தவர், மறுவாரமே உரக்கடைக்காரரிடம் கையை விரிப்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

நாட்டுச் சட்டமும் இல்லாதவரையும் ஏய்ப்பவரையும் பிரித்தே பார்க்கிறது. பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 1244ஆம் பிரிவு, கடன்பட்டவரின் நிலை பார்த்து அளவான அவகாசம் தர நீதிபதிக்கு அதிகாரம் தந்திருந்தது. 1968இல் இந்திய சிவில் நடைமுறைச் சட்டம் புதுவைக்கு வந்தது. அதன் 20ஆவது ஆர்டர் 11ஆவது விதிப்படி, தீர்ப்புச் சொல்லும்போதே, ஆஜரானவர்களைக் கேட்டுத் தவணையாகக் கட்ட உத்தரவிடலாம். டிக்ரி ஆனபிறகு என்றால் அதைப் பெற்றவர் சம்மதிக்க வேண்டும். அமீனாவைக் கண்டு கொல்லைப்புறமாக நழுவுகிறவர் இந்த வாய்ப்பை இழந்து, எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை வாங்கிக்கொள்கிறார். ஜெயில் என்று மிரட்டினால் நடுங்க வேண்டியதில்லை. வெறும் இல்லாமைக்காக ஒருவரைச் சிவில் சிறையில் அடைக்கக்கூடாது என்று 1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்தார். (செக் கொடுத்து அது பணமின்றித் திரும்பினால் கிரிமினல் வழக்காகும்; அது வேறு.) உடுப்பு, சமையல் பாத்திரம், உழவுக் கருவி, விதைநெல் ஆகியவற்றை ஜப்தி செய்ய 60ஆம் பிரிவு இடம் தரவில்லை.

டிக்ரிக்குப் பிறகு வெளியில் கைக்குக் கை கொடுத்த பணத்தைக் கோர்ட்டில் பதிவு செய்யாவிட்டால், 21ஆவது ஆர்டர் 2ஆவது விதிப்படி, நிறைவேற்றும் கோர்ட்டு அதைக் கணக்கில் எடுக்காது. கடனை எழுதிக்கொள்ளச் சொல்லும் 282ஆம் ஆயத்தை ஓதுகிற நாம், ரசீது கேட்க வெட்கப்படுவது விந்தைதான். இரு தரப்பும் இசைந்தால் லோக் அதாலத்துக்குப் போவது நன்று. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே முடிந்ததற்கு அப்பீல் இல்லை, கட்டிய கோர்ட்டுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.

ஆயினும் நம் கேள்விக்குச் சட்டம் முழு விடை தரவில்லை. ஜப்தியில் சேர்ந்த பணத்தை விகிதப்படி பங்கிட 73ஆம் பிரிவு சொல்கிறது. டிக்ரி பெற்று மனுப் போட்டவர்களுக்கு மட்டும். உரக்கடைக்காரரும் தங்கையும் கோர்ட்டுப் படி ஏறாதவர்கள். அவர்களுக்கு அதில் பங்கில்லை. நம் ஃபிக்ஹு நூல்களோ, நொடித்துப்போன முஃப்லிஸின் பொருளைக் கடன் கொடுத்தோர் அனைவருக்கும் அவரவர் கடனின் விகிதப்படி பங்கிடச் சொல்கின்றன. உரக்கப் பேசியவர், பேசாதவர் என்ற பேதம் அங்கில்லை.

நம் வழக்கமோ அழுத பிள்ளைக்குப் பால். குழுக்கடன் வசூலுக்கு வாரந்தவறாமல் வருகிறார்கள். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கடன் வாங்கியவரை அழைத்துத் தொல்லை செய்யலாகாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் விதித்தது பல வீடுகளில் தெரியாது. அந்தக் கூச்சலுக்கு அஞ்சிக் கட்டுகிறோம். தங்கை வாய் திறப்பதில்லை. அண்ணன் முகம் வாடுமே என்றிருக்கிறார். அந்த மவுனத்தை நாம் தள்ளுபடியாக எண்ணிக்கொள்கிறோம்.

கோர்ட்டு விதித்த தவணையை மீறும்படி நாம் சொல்லவில்லை. அதைக் கட்டியே ஆகவேண்டும். ஆனால் அங்கே தவணை கேட்கும்போதே மற்ற நால்வரின் கடனையும் மறைக்காமல் சொல்லி, ஐவருக்கும் சேர்த்தே கணக்குக் காட்டலாமே! மொத்தக் கடன் 3 லட்சம், குடும்பச் செலவு போக மாதம் மிஞ்சுவது 6,000 ரூபாய், தங்கையின் நகையை மீட்க 60,000 என்று வைத்துக்கொள்வோம். அவர் பங்கு ஐந்தில் ஒன்று, மாதம் 1,200. அதை அடகுக்கடையில் கட்டி ரசீதை அவர் கையில் கொடுக்க வேண்டும். இப்போது அவசரமில்லை என்று அவர் சொல்லக்கூடும். கெடு தவறினால் ஏலத்துக்குப் போவது அவருடைய நகை.