விரதத்தின் விலை

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் அமெரிக்கர் இருவர் உருவாக்கி 1974-ஆம் ஆண்டில் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் ஆட்டத்தில், ஆடுவோர் ஒவ்வொருவரும் ஒரு வீரனையோ மந்திரவாதியையோ கற்பனையில் படைத்துக்கொண்டு, அவனாகவே பேசியும் முடிவெடுத்தும், பகடை உருட்டிப் பலனை அறிந்தும் கதையை வளர்த்துச் செல்கிறார்கள். அந்தப் பாத்திரம் நிலவறைகளில் உயிரைப் பணயம் வைத்துத் தேடிய பொற்காசுகளைக் கொண்டு எந்த மந்திரப் பொருளை வாங்கினால் கொடுத்த காசுக்கு மிகுந்த பயன் கிட்டும் என்னும் விசாரம், 2000-ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்புக்கும் 2003-ஆம் ஆண்டின் திருத்தப் பதிப்புக்கும் பிறகு, ஆட்டக்காரர்களிடையே ஒரு சாஸ்திரமாகவே வளர்ந்துவிட்டது. இதை வெறும் விளையாட்டுக் கணக்கு என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. உடைமைக்கும் துறவுக்கும் இடையே மனிதன் நெடுங்காலமாக நடத்திவரும் வழக்கு இந்தக் கணக்குக்குள் முழு உருவத்தோடு நிற்பதாகவே எண்ணுகிறேன்.

அந்தத் திருத்தப் பதிப்பில் முதல் தர மந்திர வாளின் மந்திரத்துக்கு விலை 2,000 பொன்; இரண்டாம் தரத்துக்கு 8,000; ஐந்தாம் தரத்துக்கு 50,000. தரம் ஒன்று ஏறினால் விலை அதன் வர்க்கத்தின் வீதத்தில் ஏறுகிறது. ஐந்தாம் நிலையை எட்டிய பாத்திரத்தின் உடைமை மொத்தம் 9,000 பொன் அளவில் இருக்கும் என்று நூலே வகுத்திருப்பதால், இரண்டாம் தர வாளுக்கு ஆசைப்படுபவன் கைப்பொருளில் பெரும்பகுதியை அந்த ஒன்றிலேயே கரைத்துவிட்டு நிற்கிறான்; முதல் தர வாளோடு அமைந்து, 1,000 பொன்னுக்குக் காப்பு மேலங்கி ஒன்றும், மற்றோர் ஆயிரத்துக்குக் கவசத்துக்கு மந்திரமும் பெற்றுக்கொள்பவன், பல திசைகளிலிருந்தும் வரும் அபாயத்தைத் தாங்கி நிற்கிறான். இது விவேகம், ஆனால் இன்னும் அறத்தின் எல்லைக்குள் வந்துவிடவில்லை.

மிகவும் மலிவானதும் மிகவும் பயனுள்ளதும் எது என்று பழகிய ஆட்டக்காரரைக் கேட்டால், அவர் பெரும்பாலும் சிறு காயங்களை ஆற்றும் மந்திரக்கோலையே சொல்வார். 750 பொன் கொடுத்தால் அது 50 முறை உதவும். ஒவ்வொரு முறையும், எட்டு முகப் பகடை காட்டும் எண்ணோடு ஒன்று கூட்டிய அளவுக்கு இழந்த உயிர்ப்பலம் மீளும். ஒரு முறைக்கு விழும் செலவு 15 பொன்தான். அதே பலனை ஒரே ஒரு தடவை தரும் மருந்துக் குப்பிக்கு 50 பொன் ஆகிறது. என் சிந்தையைக் கவர்ந்தது இந்த மலிவு மட்டும் அன்று. வாள்வீரனின் கையில் அந்தக் கோல் பொதுவாக வேலை செய்யாது. அந்த மந்திரத்தைத் தன் வித்தையில் அடக்கிய பூசகன் போன்ற ஒருவனே அதை இயக்க முடியும். ஆகவே வீரன் தன் பங்குப் பொன்னைக் கொடுத்து வாங்கியதைத் தோழனிடம் ஒப்படைத்துவிட்டு, தான் வீழும்போது அவன் மறவாமல் வருவான் என்ற நம்பிக்கையோடு போருக்குப் போகிறான். சுயநலத்தில் தொடங்கிய கணக்கானாலும், அதைப் பிழையின்றிக் கடைசிவரை போட்டவன் பிறரை நம்பும் இடத்துக்கே வந்து சேருகிறான் என்பது எனக்குப் பெரிய ஆறுதலாகத் தோன்றுகிறது.

எனினும் அதே 2003-இல் வந்த 'புக் ஆஃப் எக்ஸால்டட் டீட்ஸ்' என்னும் துணை நூல், இந்தக் கணக்கையே உதறும் வறுமை விரதம் ஒன்றை வகுத்தது. அதை மேற்கொண்டவன் எளிய ஆயுதம், உடுத்த உடை, ஒரு நாள் உணவு போன்ற சிலவற்றைத் தவிர வேறொன்றும் வைத்திருக்கலாகாது. கிடைக்கும் செல்வத்தில் தன் பங்கைத் தோழர்களுக்கு விட்டுவிடாமல் ஏழைகளுக்கே வழங்க வேண்டும். அதற்குப் பிரதியாக, நிலை உயர உயர, கவசமில்லாமலே காப்பும், ஆயுதத்துக்கு வலிவும், ஒரு கட்டத்தில் உணவும் நீரும் வேண்டாத உடலும் அவனுக்குச் சித்திக்கின்றன. மந்திரப் பொருள் எதையும் அவன் தானாக உபயோகிக்கக் கூடாது. ஆனால் தோழன் எடுத்து நீட்டும் மருந்தைப் பருகலாம் என்று நூல் அனுமதிக்கிறது.

இந்த அனுமதியைப் படித்தபோது அஸிஸி நகரத்துப் பிரான்சிஸின் சீடர்களை நினையாமல் இருக்க முடியவில்லை. அவர்கள் உண்பதும் உடுப்பதும் ரோமாபுரித் திருச்சபையின் சொத்தென்றும், அவர்களுக்கு உள்ளது உபயோகம் மட்டுமே என்றும் 1279-இல் போப் மூன்றாம் நிக்கோலஸ் உறுதிசெய்தார். 1322-இல் போப் இருபத்திரண்டாம் ஜான் அந்த ஏற்பாட்டைக் கலைத்தார்: உண்டவுடன் தீர்ந்துபோகும் பண்டத்தில் உபயோகத்தையும் உரிமையையும் வெவ்வேறாகப் பிரிக்க இயலாது என்பது அவருடைய வாதம். பருகியதும் தீரும் மருந்துக் குப்பியைப் பற்றி இதைவிடக் கூர்மையான ஆட்சேபம் எழ முடியாது. ஆயினும் நான் பிரான்சிஸின் சீடர்கள் பக்கமே நிற்கிறேன். வாயில் விழும் வரையில் அந்தக் குப்பி தோழனுடையது. கொடாமல் இருக்க அவனுக்கு முழு உரிமை உண்டு. அந்த உரிமைக்குத் தன் உயிரை ஒப்புக்கொடுத்து நிற்பதுதான் விரதியின் வறுமை. சட்டத்தின் கண்ணுக்கு அது புலப்படாமல் போகலாம். காயம்பட்டுக் கிடப்பவனுக்கு நன்றாகவே புலப்படும்.

என்னைக் கலங்கச் செய்வது வேறொன்று. மிருக உருவம் எடுக்கும் வனத்துப் பூசகன் உருமாறும்போது, அவன் அணிந்தவை உடலோடு கலந்து பெரும்பாலும் பயனற்றுப் போகின்றன. ஆதலால் அவனுக்கு வறுமை விரதமே இலாபம் என்று கணக்கில் வல்லவர்கள் கண்டுகொண்டார்கள். எப்படியும் பயன்படாத பொருளை விட்டுவிட்டு, விட்டதற்கு ஈடாக வரங்களைப் பெறுவது துறவு ஆகுமா? ஆகாது என்றே நான் கருதுகிறேன். பிரதிபலனை முன்னமே எண்ணிக் கொடுத்தது கொள்முதல்தான். குற்றம் ஆடுவோர் மீது மட்டும் இல்லை. விரதி பெறும் வரங்களை நிலை நிலையாக அட்டவணையிட்ட நூல், அவன் ஏழைகளுக்கு ஈந்த பொன் என்ன ஆயிற்று என்பதற்கு ஒரு வரிசையும் வைக்கவில்லை. கதையை நடத்துபவர் அந்த வரிசையைத் தாமே சேர்க்கலாம்: எந்த ஊருக்குப் பொன் போயிற்று, எந்த வீட்டில் அடகுவைத்த நிலம் மீண்டது, அடுத்த முறை அந்த வழியே குழு வரும்போது யார் கதவைத் திறந்தார்கள் என்றெல்லாம் சொல்லலாம். அப்போது வாளின் விலையை விசாரித்த ஆட்டக்காரர், இரண்டாவதாக இதையும் விசாரிக்கத் தொடங்குவார்.