மலர் பறித்தலும் உயிரிரக்கமும்: வீட்டு நந்தவனம் எழுப்பும் வினா

வழிபாட்டுக்கென்று வீட்டிலேயே பூச்செடி வளர்க்கும் வழக்கம் தமிழ்நாட்டுச் சைவ, வைணவக் குடும்பங்களில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. முற்றத்துத் துளசி மாடமும் கொல்லைப்புறத்துச் செம்பருத்தி, நந்தியாவட்டை, அரளி ஆகியவையுமாக இருந்த அவ்வழக்கம், நிலம் சுருங்கிய நகரங்களில் மொட்டைமாடித் தொட்டிகளிலும் வளர்ப்புப் பைகளிலும் இன்றும் தொடர்கிறது. செடியை உயிர் என்று மதித்து மாலையில் நீர் வார்க்கும் கையே மறுநாட் காலையில் அதன் மலரைக் கொய்கிறது. எவ்வுயிர்க்கும் இரங்குவதை முதல் அறமாகப் போற்றும் சமயங்கள், ஓர் உயிரின் உறுப்பைப் பறித்து இறைவனுக்குச் சாத்துவதை எவ்வாறு பூசையாக ஏற்றன, அந்த ஏற்பு எந்த அளவுக்குச் செல்லும் என்ற வினா, நாள்தோறும் பூக்கூடை எடுப்போர் எவருக்கும் உரியது.

மரபு மலர்ப்பணிக்குக் கொடுத்த இடம் மிக உயர்ந்தது. சைவ சித்தாந்தம் வகுக்கும் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கு நெறிகளுள், உடலால் செய்யும் தொண்டைக் குறிப்பது சரியை. கோயிலை அலகிடுதல், மெழுகுதல், விளக்கேற்றுதல், நந்தவனம் அமைத்தல், பூக்கொய்து மாலை தொடுத்தல் ஆகியவை அதில் அடங்கும். சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பாடிய பெரியபுராணத்தில் திருப்புகலூர் முருக நாயனார் நாயன்மார்களுள் ஒருவராக வைத்துப் போற்றப்படுவதற்குக் காரணமே அவருடைய மலர்த்தொண்டுதான். விடியுமுன் நீராடிக் கோட்டுப்பூ, கொடிப்பூ, நிலப்பூ, நீர்ப்பூ என நால்வகை மலர்களையும், அதாவது மரக்கிளையிலும் கொடியிலும் தரையிலும் நீரிலும் பூப்பவற்றை, வகைக்கொரு கூடையில் சேர்த்து, இண்டை, கண்ணி, பிணையல், தொங்கல் என்று வெவ்வேறு வடிவில் அவர் தொடுத்ததைப் புராணம் விரிவாகக் கூறுகிறது. வைணவத்தில், திருவில்லிபுத்தூரில் பெரியாழ்வாரும் திருவரங்கத்தில் தொண்டரடிப்பொடியாழ்வாரும் நந்தவனம் வைத்துப் பேணியவர்கள். ஆண்டாள் கண்டெடுக்கப்பட்ட இடமும் பெரியாழ்வாரின் துளசிப் பாத்தியே என்று மரபு கூறும். கமலை ஞானப்பிரகாசர் இயற்றிய புட்பவிதி, வழிபாட்டுக்குரிய மலர்களைப் பற்றிய விதிகளைத் தொகுக்கவென்றே தோன்றிய தனி நூலாகும்.

இத்தனை போற்றுதலுக்கு நடுவிலும் மறுப்புக்குரலும் அதே மண்ணிலிருந்துதான் எழுந்தது. உயிர்களை அறிவின் அளவால் ஆறாக வகுக்கும் தொல்காப்பியத்து மரபியல், புல்லையும் மரத்தையும் தொடுவுணர்வு மட்டும் உடைய ஓரறிவுயிர்களாகக் கொள்கிறது; உணர்வு குறைந்தது என்று சொல்வதே உணர்வு உண்டு என்று ஒப்புவதாகும். சமணமும் தாவரங்களை ஓரறிவுயிர்களாகவே எண்ணி, அவற்றுக்கும் தீங்கு நேராமல் ஒழுகும்படி துறவியரைப் பணித்தது. சமணத்தின் திகம்பரருள் தேராபந்த் என்னும் பிரிவினர் வழிபாட்டில் மலரையே விலக்கி, குங்குமப்பூ நீரில் நிறமேற்றிய அரிசி போன்றவற்றைப் படைக்கின்றனர். எல்லாவற்றிலும் கூர்மையான மறுப்பு 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தாயுமானவருடையது. பூசை செய்வதற்காக மலரை நோக்கினால் அம்மலருக்குள்ளும் இறைவனே வீற்றிருப்பதைக் காண்பதால், பனி படிந்த அப்பூவை எடுக்க மனம் வரவில்லை என்பது அவர் பாடலொன்றின் கருத்து. அச்சமணப் பிரிவினர் மலரை உயிர் என்பதற்காக விலக்கினர் என்றால், தாயுமானவர் அதை இறைவனின் இருப்பிடம் என்பதற்காக விலக்குகிறார். எங்கும் நிறைந்த ஒன்றுக்கு எதைப் பறித்து எங்கே கொண்டுபோய்ச் சாத்துவது என்ற இக்கேள்வி, பூசையின் அடிப்படையையே தொட்டுவிடுகிறது.

மறுப்புக்கு விடைதேடும்போது வள்ளலார் இராமலிங்கரின் (1823–1874) சிந்தனை பெரிதும் துணைசெய்கிறது. வாடிய பயிரைக் கண்டு வாடியவர் என்று அறியப்பட்ட அவரே, ஜீவகாருண்ய ஒழுக்கம் என்னும் உரைநடை நூலில், தாவரமும் உயிர்தானே, அதை உண்பது இரக்கத்துக்கு மாறாகாதா என்ற தடையை எழுப்பிக்கொண்டு விடை கூறுகிறார். தாவரத்தில் உயிர் விளக்கம் ஓரறிவளவே உள்ளது, விதை முதலியவற்றை மனிதர் தாமே விதைத்தும் நீர் விட்டும் விளைவிக்கின்றனர், காய், கனி, பூ, தழை போன்றவற்றைக் கொள்வது நகத்தையும் உரோமத்தையும் களைவது போன்றதே தவிர உயிரைப் போக்குவது ஆகாது என்பது அவர் காட்டும் நெறி. இவ்விடையில் இரு கூறுகள் உள்ளன. உறுப்பைக் கொள்வதும் உயிரைக் கொல்வதும் வேறு என்பது ஒன்று. அவ்வுறுப்பு மனித உழைப்பால் வளர்ந்தது என்பது மற்றொன்று. பலரும் முதற்கூற்றோடு நின்றுவிடுகின்றனர். வீட்டுத் தோட்டத்தைப் பொறுத்தவரை இரண்டாவதுதான் ஆழமானது.

முதற்கூற்றுக்குச் செடியின் உடலமைப்பே சான்றளிக்கிறது. விலங்கு இழந்த உறுப்பு பெரும்பாலும் மீண்டும் வளர்வதில்லை. செடியோ கணுக்கள்தோறும் வளர்முனைகளை வைத்திருப்பதால், ஒரு நுனி போனால் கீழுள்ள முனைகள் கிளைத்தெழுகின்றன. துளசியின் பூங்கதிரை அவ்வப்போது கிள்ளிவிட்டால் அது விதை முற்றி மூப்படையாமல் நீண்டநாள் தழைக்கிறது. குண்டுமல்லி புதுத்தளிரில்தான் அரும்பு வைக்கும் என்பதால், கார்த்திகை, மார்கழியில் கவாத்து செய்து, அதாவது பழைய கிளைகளை வெட்டிவிட்டு, எருவிட்ட செடியே பங்குனியிலிருந்து நிறையப் பூக்கிறது. ஆனால் இதை எல்லையற்ற உரிமையாகக் கொள்ளவும் இயலாது. வெட்டுப்பட்ட இலையிலிருந்து மற்ற இலைகளுக்கு மின்குறிப்புகளும் வேதிக்குறிப்புகளும் செல்வதை அறிவியல் கண்டறிந்துள்ளது. தாவரங்களின் இத்தகைய துலங்கல்களைக் கருவிகள் கொண்டு பதிவுசெய்த முன்னோடிகளுள் ஜெகதீச சந்திர போஸ் ஒருவர். நரம்பு மண்டலம் இல்லாத செடி வலியை அனுபவிக்கிறது என்று இதனால் நிறுவ முடியாது என்றாலும், அது வெறும் பொருள் என்று கூறுவதற்கும் இடமில்லாமற் போகிறது.

ஆகவே விடையின் சுமை இரண்டாவது கூற்றின் மீது விழுகிறது. குண்டுமல்லி அரிதாகவே விதை பிடிக்கும். பதியம் போட்டும் குச்சி நட்டும் மனிதரே அதை ஊர் ஊராகப் பெருக்கிவந்தனர். அடுக்கு நந்தியாவட்டையும் அவ்வாறே குச்சி வழியாகவே வீடுதோறும் பரவியது. இத்தகைய செடிகளில் பூவைக் கொய்வதால் சந்ததி ஒன்று தடைப்படுவதில்லை. அச்செடி இன்று உயிரோடிருப்பதே யாரோ ஒருவர் அதன் பூவை விரும்பி ஒரு குச்சியை மண்ணில் ஊன்றியதால்தான். தொட்டியில் வளரும் செடியின் நிலை இன்னும் நெருக்கமானது: அதன் வேர் தானே நீர் தேடிச் செல்ல இயலாது, மழையும் வெயிலும் அதற்கு வாய்க்கும் அளவை வைத்தவரே தீர்மானிக்கிறார், இரண்டு நாள் அவர் மறந்தால் சித்திரை வெயிலில் அது கருகிவிடும். ஓர் உயிரை இவ்வாறு தம்மையே சார்ந்திருக்கும் நிலையில் வைத்தவருக்கு, அதன் மலரைப் பெறும் தகுதி இருக்குமானால், அது உடைமையாளர் என்பதால் வருவதன்று. அவ்வுயிரின் நலத்துக்குப் பொறுப்பேற்றதால் வருவது. பொறுப்பு தளருமிடத்தில் தகுதியும் தளர்கிறது. நீரின்றி வாடிய செடியில் எஞ்சிய பூவையும் பறித்துப் படைப்பது, எத்தனை மந்திரத்தோடு செய்தாலும், பூசையின் பொருளை இழந்த செயலாகும்.

பூப்பறித்தலைச் சூழ்ந்துள்ள வீட்டு வழக்கங்களை இந்த நோக்கில் காணும்போது அவற்றின் கருத்து தெளிவாகிறது. பொழுது சாய்ந்தபின் செடியைத் தொடலாகாது என்பர். துவாதசியன்று துளசி பறிப்பதில்லை என்பது வைணவ இல்லங்களில் பரவலாகக் கைக்கொள்ளப்படுவது. கிளையை ஒடிக்காமல், நகத்தால் கிழிக்காமல், காம்போடு மெல்லக் கொய்யவேண்டும் என்று மூத்தோர் கற்பிப்பர். தரையில் விழுந்த பூ பொதுவாகப் பூசைக்கு ஆகாது. இரவில் மலர்ந்து விடியுமுன் தானே உதிரும் பவழமல்லிக்கு மட்டும் விலக்கு உண்டு. செடியடியில் தூய துணியை விரித்துவைத்து, காலையில் ஆரஞ்சு நிறக் காம்போடு வெண்ணிறமாகக் கிடக்கும் அப்பூக்களைச் சேர்த்தெடுக்கும் வீடுகள் இன்றும் உள்ளன. கொடுக்கப்பட்டதைப் பெறுவதற்கும் எடுத்துக்கொள்வதற்கும் உள்ள வேறுபாட்டை மரபு அறிந்திருந்தது என்பதற்கு இவ்விலக்கே போதிய சான்று. இவற்றோடு இக்காலத்தில் ஒன்றைச் சேர்த்துக்கொள்வது தகும்: சங்குப்பூவைப் போல விதையால் பெருகும் செடிகளிலும், தேனீக்கள் நாடிவரும் துளசியின் கதிர்களிலும் ஒரு பகுதியைப் பறிக்காமல் விட்டுவைத்தல். இறைவனுக்குரியது என்று எல்லாவற்றையும் கூடையில் வாரிக்கொள்வது, இறைவனின் பிற உயிர்களுக்குரியதை எடுத்துக்கொள்வதாகிவிடும்.

இதைவிடக் கடினமான இடமும் தோட்டத்தில் உண்டு. செம்பருத்தியின் தளிர்நுனியிலும் மொட்டின் அடியிலும் பஞ்சு ஒட்டியதுபோல் வெண்மையாக அடையும் மாவுப்பூச்சி, சாற்றை உறிஞ்சி இலையைச் சுருளச் செய்து மொட்டுகளை உதிர்க்கிறது. அது சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் சாரைசாரையாக ஏறி அதைக் காக்கின்றன. இங்கே செடியைக் காப்பதென்றால் பூச்சியை அழிப்பதே ஆகிறது. கொல்லாமையை உயிராகக் கொண்ட சமணம் இச்சிக்கலை நேர்மையாக எதிர்கொண்டு, இம்சையை நான்காகப் பிரித்தது: வேண்டுமென்றே கொல்லும் சங்கல்பி, இல்லற வேலைகளில் நேரும் ஆரம்பி, தொழிலில் நேரும் உத்யோகி, தற்காப்பில் நேரும் விரோதி. இல்லறத்தார் முதலாவதை அறவே விடவேண்டும். மற்றவற்றை இயன்ற அளவு குறைத்துக்கொள்ளவேண்டும். இப்பகுப்பு தோட்டத்தில் எளிதாகக் கைக்கொள்ளத்தக்கது. தாக்குதல் தொடங்கும்போதே நீரைப் பீய்ச்சிக் கழுவுதலும், பாதித்த நுனியைக் கிள்ளி அகற்றுதலும், தேவைப்பட்டால் வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு நீரில் கலந்து தெளித்தலும் குறைந்த அழிவில் செடியைக் காக்கும். கடும் நஞ்சைத் தெளித்தால் மாவுப்பூச்சியோடு அதையும் அசுவினியையும் தின்னும் பொறிவண்டும், மகரந்தம் நாடிவரும் தேனீயும் சேர்ந்து மடியும். முழுமையான கொல்லாமை தோட்டக்காரருக்குக் கைகூடாது. கைகூடாது என்பதைச் சாக்காக்கிக் கவலையற்றுக் கொல்வது அதனினும் பெருங்குற்றம்.

பூசைக்குரிய மலர்களைத் தரப்படுத்தும் சைவ வழக்கில் தன் தோட்டத்து மலர் தலையாயது, காட்டில் கொய்தது இடைப்பட்டது, விலைக்கு வாங்கியது கடைப்பட்டது என்று கூறுவர். இதைத் தூய்மை பற்றிய விதியாகவே பெரும்பாலும் விளக்குகின்றனர். ஆனால் மேற்கண்ட சிந்தனையின் வழியே நோக்கினால் அது பொறுப்பு பற்றிய விதியும் ஆகிறது. கடைத்தெருவில் முழமளந்து வாங்கும் சரத்தில், செடி எவ்வாறு வளர்க்கப்பட்டது, எத்தனை முறை மருந்து தெளிக்கப்பட்டது, விடியற்காலைக்கு முன்னரே அரும்பெடுத்த கைகளுக்கு என்ன கிடைத்தது என்பவை எதுவும் வாங்குபவருக்குத் தெரிவதில்லை. அம்மலரால் செய்யும் வழிபாடு பயனற்றது என்று எவரும் கூறார். உழவரின் வாழ்வும் அதைச் சார்ந்துள்ளது. எனினும், அரையடித் தொட்டியில் தாமே வளர்த்த ஒற்றை நந்தியாவட்டைப் பூவைச் சாத்துபவர், அப்பூவின் விலை முழுவதையும் தம் கவனத்தால் செலுத்தியவராகிறார்.

தாயுமானவரின் மறுப்புக்கும் இவ்விடத்திலேதான் விடை அமைகிறது. மலருக்குள் இறைவன் இருக்கின்றான் என்றால், அம்மலரைத் தாங்கிய செடிக்கு நீர் வார்ப்பது திருமஞ்சனமாகவும், களை எடுப்பது உழவாரப் பணியாகவும், இலைப்புறத்தைத் திருப்பிப் பூச்சி பார்ப்பது வழிபாட்டின் ஓர் அங்கமாகவும் ஆகவேண்டும். அவ்வாறாயின் பூசை பறிக்கும் வேளையில் தொடங்குவதில்லை. விதையை ஊன்றும் நாளிலேயே தொடங்கிவிடுகிறது. கொய்து சாத்துவது, பல மாதங்களாக நடந்துவரும் ஒரு வழிபாட்டின் இறுதிச் செயல் மட்டுமே. மனம் ஒப்பாதவர் அவ்விறுதிச் செயலை விட்டுவிட்டு, பூவைச் செடியிலேயே இருக்கவிட்டு வணங்கினாலும் பூசை குறைவுபடாது. வளர்க்காமல் பறிப்பவருக்கோ அந்த இறுதிச் செயல் மட்டுமே எஞ்சுகிறது.

புறமலர்களோடு அகமலர்களையும் வகுத்த மரபு, கொல்லாமை, ஐம்பொறி அடக்கம், பொறுமை, இரக்கம், அறிவு, வாய்மை, தவம், அன்பு என்னும் எட்டு நற்குணங்களை மனத்தால் சாத்தும் மலர்களாக எண்ணியது. அவற்றுள் கொல்லாமையை முதன்மையாக வைத்தது, புறமலர் பறிப்பதில் உள்ள இடரை அம்மரபு மறக்கவில்லை என்பதையே உணர்த்துகிறது. செடி வளர்ப்பு இவ்வகமலர்களுக்கும் பயிற்சிக்களமாகிறது. மல்லிகைப் பதியம் வேர்விடக் காத்திருப்பதில் பொறுமையும், நீர் மிகுந்தால் வேர் அழுகும் என்றறிந்து கையை நிறுத்துவதில் அடக்கமும், பேச வாயற்ற ஓர் உயிரின் தேவையை இலையின் வாட்டத்தைக் கொண்டே அறிவதில் இரக்கமும் வளர்கின்றன. உயிரிரக்கமும் மலர் வழிபாடும் ஒன்றையொன்று மறுப்பன என்ற எண்ணம், வழிபாட்டைப் பறித்தலோடு மட்டும் பொருத்திக் காண்பதால் வருவது. வளர்த்தலை வழிபாடாகக் கொண்டவருக்கு அவ்விரண்டும் ஒரே அறமாகும். அந்த அறத்தின் அளவே, எத்தனை பூவைப் பறிக்கலாம், எத்தனையை விட்டுவைக்கவேண்டும் என்பதையும் ஒவ்வொரு காலையிலும் அவருக்கு வரையறுத்துத் தரும்.